50 பேருக்கு புகைக்கறி விருந்தா? கரி பீப்பாய் வாங்கும் முன் இதைப் படிங்க! உயிர் விஷயம் உஷார்

காதுகுத்து, புதுமனை புகுவிழா என்றால் பிரியாணி அண்டா ஏறும். இப்போது அதுக்குப் பக்கத்துலயே கரி பீப்பாயும் புகைய ஆரம்பிச்சுட்டுது. மசாலா தடவிய கோழியும் ஆட்டுத் தொடையும் மணிக்கணக்கில் புகையில் வெந்து, கமகமன்னு இலைக்கு வருகிறது. ஆசைப்பட்டு வாங்கப் போறவங்க கவனிக்க வேண்டிய விஷயங்கள் இதோ:

சுடுவது வேறு, புகைப்பது வேறு

தணலுக்கு நேர் மேலே கறியை வைத்து அரை மணியில் எடுப்பது சுட்ட கறி. மூடி போட்டு, 110 முதல் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் நிதானமாக வேக விடுவது புகைக்கறி. கோழிக்கு 3, 4 மணி நேரம். முழு ஆட்டுத் தொடைக்கு 6 மணி நேரம்கூட ஆகும். இதுக்கு திறந்த அடுப்பு சரிப்படாது. இறுக்கமான மூடி, கீழே ஒரு காற்றுத் துளை, மேலே ஒரு துளை, சூடு காட்டும் மீட்டர், நான்கும் கட்டாயம். சூட்டை ஏற்றுவதும் இறக்குவதும் கீழ்த் துளையில்தான் இருக்கு.

எத்தனை பேருக்கு எத்தனை பீப்பாய்?

ஆளுக்கு எலும்போடு கால் கிலோ என்றால் 50 பேருக்கு 12 கிலோவுக்கு மேல் கறி வேணும். 200 லிட்டர் பீப்பாயை நிற்க வைத்து, உள்ளே 2 கம்பித் தட்டு போட்டால், பிளந்து விரித்த கோழி 6 வரை வைக்கலாம். அதுக்கு மேல் திணித்தால் புகை ஓடாது, நடுவில் உள்ளது வேகாது. 50 பேர் என்றால் 2 பீப்பாய்தான் நல்லது.

பழைய பீப்பாய் ஆபத்து

மலிவா கிடைக்குதேன்னு ரசாயனம் இருந்த பீப்பாயை வாங்காதீங்க. எண்ணெய், தின்னர் இருந்த காலி பீப்பாயை வெல்டிங் வைத்து வெட்டும்போது, உள்ளே தங்கிய ஆவி வெடித்துவிடும். புது பீப்பாய் அல்லது சாப்பாட்டுப் பொருள் வந்த பீப்பாய்தான் பாதுகாப்பு. உள் பெயிண்டை எரித்துத் தள்ளிய பிறகே கறி வைக்கணும். துத்தநாகம் பூசிய கம்பித் தட்டு கூடவே கூடாது. சூட்டில் அந்தப் பூச்சு கறியில் இறங்கும். எவர்சில்வர் தட்டு போதும்.

கரி எப்படி பார்ப்பது?

ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக் கருவேலங்கரி தாராளமா கிடைக்கும். இரண்டு துண்டைத் தட்டினால் கணீர்னு சத்தம் வரணும். மொத்தையான சத்தம் வந்தால் அது ஈரக்கரி அல்லது சரியாக வேகாத கரி. கண்ணெரிச்சலும் கசப்பும்தான் மிஞ்சும்.

எல்லாக் கரியையும் ஒரே நேரத்தில் பற்ற வைக்காதீங்க. 5 கிலோ கரியை அடியில் கொட்டி, நன்றாகக் கனிந்த ஒரு கைப்பிடி தணலை மேலே போட்டால், மேலிருந்து கீழே மெதுவாகப் பிடித்து பல மணி நேரம் நிற்கும். வாசனைக்கு காய்ந்த கொய்யாக் கட்டை 2 போதும். மண்ணெண்ணெய், பிளைவுட், பெயிண்ட் அடித்த பலகை, அரளிக் கட்டை எதுவும் கிட்டயே வரக்கூடாது.

கோழியின் தடித்த பகுதியில் கம்பி மீட்டரைக் குத்தினால் 74 டிகிரி காட்டணும். அதுக்கு முன்னாடி எடுத்தால் மறுநாள் வயிற்றுப்போக்குதான்.

அறைக்குள் கொண்டு போகாதீங்க

கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 2024ல் கொடைக்கானலுக்கு சுற்றுலா வந்தவர்கள், கறி சுட்ட அடுப்பை அணைக்காமல் அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கினர். காலையில் 2 பேர் பிணமாகக் கிடந்தனர்.

மழை வந்தாலும் சரி, குளிரானாலும் சரி, பீப்பாய் வெளியேதான் நிற்கணும். சாம்பல் பூத்துட்டுதுன்னு நம்பாதீங்க. அடியில் தணல் இருக்கும். சமையல் முடிந்ததும் இரண்டு துளைகளையும் அடைத்து, விடியும் வரை வெளியிலேயே விடுங்க. யாருக்காவது தலைவலி, தலைசுற்றல், வாந்தி வந்தால் உடனே காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கிப் போய், 108க்கு போன் பண்ணுங்க.