சூடான டீயும் உடையும் டம்ளரும்

வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார். அலமாரியில் பத்திரமாக வைத்திருந்த கனமான கண்ணாடி டம்ளரில் கொதிக்கக் கொதிக்க டீயை ஊற்றியதும் ‘பட்’டென்று ஒரு சத்தம். டம்ளர் பிளந்து, டீ கையில் கொட்டுகிறது. மட்டமான டம்ளரா? அப்படிச் சொல்லிவிட முடியாது.

திடப்பொருள் சூடானால் நீளம், அகலம், தடிமன் எல்லாமே சற்றுக் கூடும். முழுவதும் ஒரே சீராகச் சூடானால் அளவு மட்டும்தான் கூடும், வடிவம் மாறாது. ஆனால், கண்ணாடியில் வெப்பம் மெதுவாகத்தான் பரவும். டீ பட்ட உட்புறம் விரியப் பார்க்கும். சூடேறாத வெளிப்புறம் இடம் கொடுக்காது. அந்த இழுபறியில்தான் விரிசல் விழுகிறது. கண்ணாடி தடிமனாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

அதனால் முதலில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, டம்ளரைச் சுழற்றிக் கொட்டிவிட்டு, பிறகு டீயை ஊற்றுங்கள்.

19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஆட்டோ ஷாட் உருவாக்கிய போரோசிலிகேட் கண்ணாடி, சாதாரணக் கண்ணாடி விரிவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் விரியும். அதனால் சூட்டை நன்றாகத் தாங்கும். அதற்கும் எல்லை உண்டு. அவனில் இருந்து எடுத்த கையோடு ஈரமான மேடையில் வைக்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் காட்டாதீர்கள்.

இதே விரிவு சில நேரம் கைகொடுக்கும். இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டனவா? உள்ளே இருப்பதில் ஐஸ் தண்ணீரை ஊற்றி, வெளியே இருப்பதை வெந்நீரில் வையுங்கள். ஒன்று சுருங்கும், மற்றது விரியும். லேசாகத் திருகினாலே பிரிந்துவிடும்!