ஒன்பதாம் நாள் பூ

"எதிர் மரத்தில் காலையில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. மறுநாள் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. என் கண்ணில்தான் கோளாறா?" என்று ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்.

கண்ணில் கோளாறில்லை, அம்மா. அது புறா ஆர்க்கிட். சிங்கப்பூரின் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களில் தானாகத் தொற்றி வளர்வது. பூ, பறக்கும் புறாவைப் போலிருக்கும் என்பார்கள்; எனக்கு இதுவரை புறா தெரிந்ததில்லை.

இதன் மொட்டு ஓரளவு வளர்ந்ததும் அப்படியே நின்றுவிடும், ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னலுக்குக் காத்திருக்கும் ரயில் மாதிரி. ஒருநாள் இடிமழை கொட்டி, வெப்பம் சட்டென்று சுமார் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் சிக்னல் கிடைத்துவிடும். பெரும்பாலும் ஒன்பதாம் நாள் விடியலில் வட்டாரம் முழுக்க ஒன்றாக மலரும். அன்றோடு சரி.

எழுப்பிவிடுவது மழைநீரா, குளிரா? சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த பர்கில் 1917-இலேயே இந்தப் பூவைப் பற்றி எழுதினார். குளிர்தான் காரணம் என்பதை 1920-களில் ஜாவாவில் கோஸ்டர் என்ற ஆய்வாளர் சோதனை செய்து காட்டினார்.

நானும் விடவில்லை. தொட்டிச் செடியை ஒரு மாலை முழுக்க ஏர்கான் அறையில் வைத்தேன். ஒன்பது நாள் எண்ணியதுதான் மிச்சம். மொட்டுகள் அப்போது மிகவும் பிஞ்சு. அடுத்த மாதம் மறுபடி வைத்தேன். சொன்னபடி ஏழு பூ! வீடெல்லாம் மணம். ஆனால் வெளியே மரத்தில் ஒன்றுகூட விரியவில்லை. அப்போதுதான் உறைத்தது: இந்தச் செடி தன் மகரந்தத்தாலேயே காய்க்காது. வேறொரு செடியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவர வேண்டும், அதுவும் அந்த ஒரே பகலுக்குள். ஊரே சேர்ந்து பூப்பது அதற்காகத்தான். என் ஏழு பூவும் கல்யாணத் தேதியைத் தப்பாகப் படித்து முந்திய வாரமே மண்டபத்துக்கு வந்து நின்ற விருந்தாளிகள்.

இதை மரத்திலிருந்து பிய்த்துவந்து, மழையும் காற்றும் எட்டாத பால்கனி மூலையில் தொங்கவிட்டு, "பூக்கவே மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்பவர்களை அறிவேன். மரத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணி என்று சுரண்டி எறிபவர்களும் உண்டு. அது மரத்திடம் கேட்பது உட்கார இடம் மட்டுமே.

இதை எழுதும் இந்தச் செவ்வாய் மாலை இங்கே நல்ல இடிமழை. அடுத்த வாரம் வியாழன் காலை, வேலைக்குக் கிளம்புமுன் எதிர் மரத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள், அம்மா.