தரையில் பறக்கும், தண்ணீரில் தடுமாறும்

திருவனந்தபுரத்தின் ஆக்குளம் ஏரியில் படகு விட நினைப்பவர் முதலில் ஆகாயத் தாமரையிடம் அனுமதி வாங்க வேண்டும். மோட்டாரின் விசிறியைச் சுற்றிக்கொண்டால் படகு அங்கேயே நிற்கும். ராணி கௌரி பார்வதி பாயி காலத்தில் வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறுக்கும் இதே கதிதான். தண்ணீருக்குள் எதையும் நுழைக்காமல் தண்ணீர் மேல் போகும் வண்டி இருந்தால்?

இருக்கிறது. அதன் பெயர் ஹோவர்கிராஃப்ட். பொறியியல் மாணவர்களை இறுதியாண்டு புராஜெக்டுக்கு அடிக்கடி இழுக்கும் கனவு இது. எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை, கீழே காற்றைத் தள்ள ஒரு விசிறி, பின்னால் உந்த இன்னொன்று, சிறிய பெட்ரோல் எஞ்சின், விளிம்பைச் சுற்றி தார்பாலின் பாவாடை. ஆளோடு சேர்த்து எடை 150 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதைத் தூக்கப் பலகையின் அடியில் சதுர மீட்டருக்கு 50 கிலோ அழுத்தம் போதும். வளிமண்டல அழுத்தத்தில் இது 200-ல் ஒரு பங்குதான். நிற்கும் மனிதனின் பாதம்கூடத் தரையை இதைவிடப் பல மடங்கு அழுத்துகிறது!

பிரிட்டனின் கிறிஸ்டோபர் காக்கரெல் 1955-ல் தொடங்கியதும் இப்படித்தான்: ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த இரண்டு தகர டப்பாக்கள், ஒரு காற்றூதி, ஒரு சமையலறைத் தராசு. நான்கே ஆண்டுகளில், 1959 ஜூலை 25 அன்று, அவரது எஸ்.ஆர்.என்.1 ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது.

சிமெண்ட் தரையில் மாணவர்களின் வண்டி அழகாக வழுக்கும். சொல்லப்போனால் தேவைக்கு அதிகமாகவே. பிரேக் கிடையாது, திரும்பச் சொன்னால் மூக்கு திரும்பும், உடல் பழைய திசையிலேயே போகும். நிஜப் பரீட்சை தண்ணீரில்தான். அதே அழுத்தம் நீர்ப்பரப்பை 5 சென்டிமீட்டர் பள்ளமாக்குகிறது. நகரத் தொடங்கியதும் முன்னால் ஓர் அலை எழும்புகிறது. அதன் மேல் ஏறித் தாண்ட எஞ்சினுக்குத் தனித் தெம்பு வேண்டும். தரையில் பறந்த வண்டிகள் பலவும் குளத்தில் சண்டி மாடாவது இங்கேதான்.

இந்தியக் கடலோரக் காவல் படை மண்டபத்தில் ஹோவர்கிராஃப்ட்களை நிறுத்திப் பாக் நீரிணையின் ஆழமற்ற நீரில் ரோந்து விடுகிறது. அவற்றின் டீசல் எஞ்சின்களுக்கு அந்த அலை ஒரு பொருட்டல்ல. பழைய ஸ்கூட்டர் எஞ்சினை வாங்கும் மாணவனுக்கோ அதுவே மலை.

ஆகாயத் தாமரை? முழங்காலுக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் இலைகள், ஒரு சாண் உயரப் பாவாடையைப் பிடித்திழுக்கும். இலைகளின் இடைவெளியில் காற்றும் நழுவிவிடும். ஆக்குளத்துக்குத் தேவை இன்னும் உயரமான பாவாடை, அதைத் தூக்கி நிறுத்த இன்னும் பெரிய விசிறி. அதற்கான எடையைக் கூட்டினால், மாணவர்கள் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.