பாலோட்டுத் தோட்டமும் ஆரோக்கியப்பச்சையும்

மூலிகை இனங்கள் குன்றாது காக்கும் வழியை அறிய விரும்பும் சங்க அங்கத்தினர்கள், திருவனந்தபுரம் ஜில்லாவில் பாலோடு என்னுமிடத்தில் 1979-ஆம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்ட தாவரத் தோட்டத்தின் வரலாற்றைக் கவனித்தல் நலம். மேற்குமலை அடிவாரத்தில் சுமார் 300 ஏக்கர் விஸ்தீரணமுள்ள இத்தோட்டத்தில் மூலிகைகளுக்கெனத் தனிப்பகுதியும் உண்டு.

நெல்லைப்போல் விதையை உலர்த்திக் குதிரில் வைத்துக் காக்கலாகாதா என்று சிலர் வினவக்கூடும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகள் அதற்கு இடங்கொடா. பலாக்கொட்டை காய்ந்துவிட்டால் முளைக்காதென்பது நம் குடியானவர்கள் அறிந்ததே. ஆதலின் அவற்றை உயிருள்ள செடிகளாகவே வளர்த்தல் வேண்டும். அதுவும் ஒரே தாய்ச்செடியின் கன்றுகளாயின் ஒரு நோயில் யாவும் ஒருங்கே மடியக்கூடுமாகையால், வெவ்வேறு மலைச்சரிவுகளிலிருந்து சேகரித்தல் அவசியம். சர்ப்பகந்தி போன்று வேருக்காகப் பிடுங்கப்படுபவற்றுக்கு அபாயம் அதிகம். வேர் போனால் செடியும் போயிற்று.

ஆயினும் வேலிக்குள் வளர்ப்பது மட்டும் போதாதென்பது ஆரோக்கியப்பச்சையின் விஷயத்தில் விளங்கிற்று. 1987-ல் புஷ்பாங்கதன் முதலிய தாவர சாஸ்திரிகள் அகத்தியமலைக் காட்டில் சென்றபோது, வழிகாட்டிய காணிக்காரர்கள் ஒரு சிறு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடந்தார்கள். அதுவே ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் அதனை ஆராய்ந்து 'ஜீவனி' என்னும் மருந்தைத் தயாரித்து, 1995-ல் கோயமுத்தூர் வைத்தியசாலை ஒன்றுக்கு அதைச் செய்யும் உரிமையை அளித்தனர். உரிமைத்தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 வீதம் தனி. இவற்றிற் பாதி காணிக்காரருக்கென்று ஏற்பாடாயிற்று. அதனைப் பெற 1997-ல் அவர்களது பொதுநல டிரஸ்டு ஒன்று பதிவாயிற்று. முன்னோர் அறிவை விற்பது தகாதென ஆட்சேபித்தவரும் அவ்வினத்தில் இருந்தனர். அது அசட்டை செய்யத்தக்க ஆட்சேபமன்று.

இடையூறு வேறிடத்தில் விளைந்தது. மருந்துக்கு வேண்டியது இலை. இலையைக் கொய்தால் செடி மீண்டும் தழைக்கும். ஆனால் இச்செடி காட்டு நிழலிலும் ஈரத்திலும் வளர்வது. தன் இயற்கை நிலத்துக்கு வெளியே வளர்த்தால் குணம் குறைகிறதென்று கண்டனர். ஆகவே காணிக் குடும்பங்கள் சிலவற்றுக்குத் தங்கள் குடியிருப்பை அடுத்த காட்டிலேயே பயிரிடப் பழக்கினர். விலை ஏறவே செடிகள் வேரோடு பறிபோகுமென வனஇலாகாவார் அஞ்சி, இலை எடுக்க அனுமதி மறுத்தனர். அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. எனினும் நட்டு வளர்த்தவனுக்கும் பிடுங்கிச் செல்பவனுக்கும் அத்தடை ஒன்றாகவே அமைந்தது. மருந்துச்சாலைக்கு இலை போதாமற்போயிற்று.