திருவிழாவுக்கு முன் ஒரு சோதனை

1877ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அந்நகரில் நிற்கிறது. பின்னாளில் மாநிலமெங்கும் உருவான இரப்பர்த் தோட்டங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டினார்கள். இன்று அத்தோட்டங்களில் பல செம்பனைக்கு மாறிவிட்டன; சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களில் வாழ்ந்தவர்கள் ஈப்போவுக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டனர். சில தோட்டங்களில் கோவில் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆண்டுக்கொரு முறை, திருவிழாவின்போது, பழைய தோட்டத்து மக்கள் அங்கே ஒன்றுகூடுகிறார்கள்.

அந்த ஒரு நாளைப் பதிவு செய்வதற்காக ஒரு குடும்பம் கேம்கார்டர் எனப்படும் கையடக்கக் காணொளிக் கருவியை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கைப்பேசி போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பல வேலைகளுக்குப் போதும். ஆனால், தொலைவில் இருப்பதைத் தெளிவாக நெருக்கிக் காட்டவும் நீண்ட நேரம் கையில் பிடித்துப் பதிவு செய்யவும் தனிக் கருவியே வசதியானது.

புதிய கருவி வீட்டுக்கு வந்ததும் தம்பியைச் சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது" என்று பெட்டியில் வைத்துவிடுவோம். அது சோதனையாகாது. நல்ல வெளிச்சத்தில் ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் நன்றாகவே படம் பிடிக்கும். திருவிழாவில் இருட்டு, கற்பூர ஒளி, குழல்விளக்கு, உறுமி மேளம், கூட்டம் எல்லாம் இருக்கும். கருவியை அந்தச் சூழலில்தான் சோதிக்க வேண்டும்.

முதலில் உருப்பெருக்கத்தைப் பார்ப்போம். பத்து காஜா அருகே கெல்லி மாளிகை இருக்கிறது. அதற்குச் சற்றுத் தொலைவில், அம்மாளிகையைக் கட்டிய தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோவில் உள்ளது. அக்கோவிலின் கூரையில் தெய்வ உருவங்களுக்கிடையே வெள்ளை உடையணிந்த துரை ஒருவரின் உருவத்தையும் காணலாம். வெளியே தள்ளி நின்று அந்த உருவத்தை நெருக்கிப் படம் பிடித்துப் பாருங்கள். ஒளியியல் உருப்பெருக்கத்தில் கண்ணாடி வில்லைகள் நகர்ந்து பிம்பத்தைப் பெரிதாக்குகின்றன. எனவே, முகம் தெளிவாக இருக்கும். மின்னியல் உருப்பெருக்கமோ படத்தின் நடுப்பகுதியை வெட்டி இழுத்துக் காட்டுகிறது. முகம் கட்டம் கட்டமாகச் சிதறும். பெட்டியின் மீது பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண் இரண்டாவது வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். அதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்து, வெளிச்சம். ஒரு மெழுகுவத்தி ஒரு மீட்டர் தொலைவில் தரும் ஒளி ஏறத்தாழ ஒரு லக்ஸ். கருவறையின் விளக்கொளி அதைவிடச் சற்றே கூடுதலாக இருக்கலாம். வீட்டுப் பூசையறையில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, அகல்விளக்கொளியில் அம்மாவின் முகத்தைப் பதிவு செய்யுங்கள். படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தூவியது போலத் தெரிந்தால், கருவி அந்த ஒளியில் திணறுகிறது என்று பொருள்.

குழல்விளக்கின் கதை வேறு. நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அதனால், பழைய வகைக் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை, கருவிக்குத் தெரியும். ஒவ்வொரு படத்தையும் 1/50 நொடியில் எடுத்தால் சரியாக இரண்டு முழுத் துடிப்புகள் அதில் அடங்கும். எல்லாப் படங்களும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும். 1/60 நொடி என்றால் துடிப்பு பாதியில் அறுபடும். ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது சற்று இருண்டும் அமையும். திரையில் அது மினுமினுப்பாகத் தெரியும். வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாரான சில கருவிகள் 60 என்ற அமைப்பிலேயே வரும். அதை 50க்கு மாற்ற முடியுமா என்பதைக் கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒலியைப் பலர் சோதிப்பதே இல்லை. பெரும்பாலான கருவிகளில் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு உண்டு. உறுமி முழங்கியதும் அது ஒலியைத் தாழ்த்திவிடும். மேளம் நின்றவுடன் பூசாரி பேசினால் முதல் சில சொற்கள் காணாமல் போகும். வீட்டில் ஒரு தகர டப்பாவைத் தட்டிவிட்டு உடனே பேசிப் பாருங்கள். எவ்வளவு இழக்கிறோம் என்பது புரியும்.

குளிரூட்டப்பட்ட காரிலிருந்து இறங்கிய உடனே பதிவைத் தொடங்காதீர்கள். நம் நாட்டுக் காற்றின் ஈரம் குளிர்ந்த வில்லையின் மீது பனியாய்ப் படியும். பையைத் திறக்காமல் சிறிது நேரம் வெளியே வைத்திருந்தால் அது நேராது.

பதிவுகளைக் கருவியின் சிறு திரையில் பார்த்து முடிவு செய்யாமல், தொலைக்காட்சியில் போட்டுப் பாருங்கள். குறை இருந்தால் பற்றுச்சீட்டுடன் கடைக்குத் திரும்பலாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். பயனீட்டாளர் தெரிவித்த நோக்கத்துக்கும் அது பொதுவாகப் பொருந்த வேண்டும். ஆகவே, வாங்கும்போதே "இரவில் கோவில் திருவிழாவைப் பதிவு செய்ய வேண்டும்" என்று விற்பனையாளரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இனி, சேமிப்பு. 1989இல் சோனி நிறுவனம் 790 கிராம் எடையுள்ள ஒரு கருவியை வெளியிட்டு, அது கடப்பிதழ் அளவே இருப்பதாக விளம்பரம் செய்தது. அத்தகைய கருவிகளில் 8 மில்லிமீட்டர் நாடாவில் பதிவான திருமணங்களும் திருவிழாக்களும் இன்றும் பலர் வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. நாடா இருக்கிறது, அதை ஓட்டிக் காட்டும் கருவி இப்போது தயாரிக்கப்படுவதில்லை. நினைவக அட்டையும் நிரந்தரமானதன்று. அட்டை நிறைந்ததும் பழையதை அழித்துவிடும் பழக்கம் அதைவிட ஆபத்தானது.

கடைசியாக ஒரு சோதனை. தோட்டத்தில் வேலை செய்த பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு மீட்டர் தொலைவில் அமர்ந்து பேசச் சொல்லுங்கள். பிரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தார், மங்கில் பால் எப்படிச் சொட்டியது, மழை பெய்தால் கூலி என்னவாயிற்று என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும்; ஒலிவாங்கி எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். அந்தச் சோதனைப் பதிவை அழிக்காதீர்கள். அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தேதியையும் குறித்து, கணினியில் ஒன்றும் தனி வன்தட்டில் ஒன்றுமாக இரண்டு படிகள் எடுத்து வையுங்கள்.