கால் கிலோ உளுந்துக்கு எங்கே போவது?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பட்டுச்சேலைக் கடைக்கு யாரும் வழி கேட்பதில்லை. செல்லப்பாண்டியன் ரவுண்டானாவைச் சுற்றி ஆரெம்கேவி உட்பட ஜவுளிக்கடைகள் மாடி மாடியாக நிற்கின்றன. கால் கிலோ உளுந்துக்குத்தான் வழி கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப்பேர், விடுதிச் சாப்பாட்டோடு மல்லுக்கட்ட முடியாமல் அறை எடுத்துத் தங்கிவிட்ட வெளியூர்ப் பிள்ளைகள்.

அவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. பிரான்சிஸ் சேவியர் பொறியியல் கல்லூரி வண்ணார்பேட்டையிலேயே இருக்கிறது. கிழக்கே நகர்ந்தால் பாளையங்கோட்டை. 1878-ல் தொடங்கிய தூய யோவான் கல்லூரி, 1923-ல் வந்த தூய சவேரியார் கல்லூரி, சாரா டக்கர் கல்லூரி, அரசு சித்த மருத்துவக் கல்லூரி, ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி என்று ஊரே வகுப்பறைதான். மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடு பிடித்ததும் முதல் சண்டை சமையல் முறை பற்றியது. இரண்டாவது, சாமான் எங்கே வாங்குவது என்பது.

சூப்பர் மார்க்கெட்டுக்குப் போவது எளிது. குளிர்ச்சியாக இருக்கும், கேள்வி கேட்க ஆளில்லை. ஆனால் அங்கே மல்லித்தூளும் பருப்பும் கடைக்காரர் முடிவு செய்த அளவில் பொட்டலமாகக் கிடக்கும். சின்னப் பொட்டலமாக எடுத்தால் மலிவு என்று நினைப்பதுதான் தப்பு. விலைக்குப் பக்கத்தில் ‘ஒரு கிராம் இவ்வளவு’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பெரிய பொட்டலத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

தெருமுனைப் பலசரக்குக் கடையின் பலமே வேறு. “அண்ணாச்சி, அம்பது கிராம் கடுகு, பத்து ரூபாய்க்கு வத்தல்” என்று கேட்டால் முகம் சுளிக்காமல் மடித்துக் கொடுப்பார். இரண்டு பேர் சமைக்கும் அறைக்கு அந்த அளவுதான் வேண்டும். அரைக் கிலோ ரவையில் வண்டு விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். முகம் பழகிவிட்டால் பற்று நோட்டில் பெயரும் ஏறும். ஊரிலிருந்து பணம் வராத மாதக் கடைசியில், தள்ளுபடி அட்டையைவிட அந்த நோட்டு பெரிது.

காய்கறிக்கு மட்டும் விடியலில் எழுந்தே ஆக வேண்டும். மகாராஜநகர் உழவர் சந்தை அதற்கான இடம். 1999 நவம்பரில் மதுரை அண்ணாநகரில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தின் வழியில் வந்தது இது. அடையாள அட்டை உள்ள விவசாயிகளுக்குக் கடைக்கு வாடகை இல்லை, தராசும் அங்கேயே தருகிறார்கள். அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைப்பதால் பேரம் பேசத் தெரியாத முதலாண்டு மாணவரும் ஏமாறமாட்டார். ஒன்பது மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு போனால் வாடிய கீரையும் அடிபட்ட தக்காளியும்தான் மிஞ்சும். துணிப்பை எடுத்துப் போவது நல்லது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரியிலிருந்தே தடை.

அரிசியில் இந்த வட்டாரத்துக்கென்று ஒரு பெருமை உண்டு. 1937-ல் அமைந்த அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட ‘அம்பை 16’ ரகம், குட்டையான குண்டு அரிசி. இட்லிக்குப் பேர்போனது. அறைவாசிகளில் இதை ஊறவைத்து அரைப்பவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். சாயங்காலம் கடையில் மாவு பாக்கெட் கிடைக்கும்போது கிரைண்டருக்கு யார் அலைவது?

தாமிரபரணி ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கதை கொஞ்சம் கஷ்டமானது. 1990-ல் தொடங்கிய மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம், நகரத்துக்கு மேற்கே தென்காசி சாலையில் அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. வளாகத்தை ஒட்டி டீக்கடை உண்டு, நகலெடுக்கும் கடை உண்டு. வாரத்துக்கான சாமான் என்றால் பேட்டைக்கோ டவுனுக்கோ பஸ் ஏற வேண்டும். டவுன் போவதானால் நயினார்குளம் காய்கறி மார்க்கெட்டையும் பார்த்துவிடலாம். அது மொத்த வியாபாரம் நடக்கும் இடம். தனியாகப் போய்க் கால் கிலோ கத்தரிக்காய் கேட்பதில் அர்த்தமில்லை. நான்கு அறைக்காரர்கள் காசு போட்டு வெங்காயம், உருளைக்கிழங்கு, தேங்காய் என்று கெடாத சரக்காக வாங்கிப் பங்கிட்டால் பஸ் கட்டணத்துக்கு மேல் மிஞ்சும்.

இத்தனையும் வாங்கியபின் அடுப்பு வேண்டுமே. வாடகை வீட்டு மாணவர்களுக்கு உள்ளூர் முகவரிச் சான்று இருக்காது. அவர்களை மனத்தில் வைத்ததுபோல் 5 கிலோ சிலிண்டர் விற்பனைக்கு இருக்கிறது. ‘சோட்டு’ என்று இண்டேன் பெயர் வைத்திருப்பது இதற்குத்தான். ஏதாவது ஓர் அடையாளச் சான்றைக் காட்டினால் போதும். மானியம் கிடையாது, அதனால் கிலோவுக்குக் கணக்குப் போட்டால் வீட்டுச் சிலிண்டரைவிடக் கூடுதல்தான். வீட்டுக்காரர் சம்மதிப்பது தனிக் கதை.