சாவியை எடுத்ததும் நிற்கிறதா? பைக்கில் வழிகாட்டிக் கருவிக்கு மின்சாரம் எடுப்பது எப்படி

பைக்கில் தூரப் பயணம் கிளம்புகிறீர்கள். ஹேண்டில்பாரில் ஜிபிஎஸ் கருவியோ, வரைபடம் ஓடும் செல்போனோ மாட்டியிருக்கிறது. சில மணி நேரத்தில் சார்ஜ் தீர்ந்துவிடும். வண்டியில்தான் பேட்டரி இருக்கிறதே, ஓர் ஒயரை இழுத்துக்கொண்டால் போதாதா? போதும். ஆனால் அந்த ஒயரை எங்கிருந்து இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான், ஒரு வாரம் கழித்து வண்டி ஸ்டார்ட் ஆகுமா என்பது இருக்கிறது.

முதலில் வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். இப்போது வரும் பல வண்டிகளில் கம்பெனியே யுஎஸ்பி துளை வைத்துத் தருகிறது. உங்கள் வண்டியிலும் இருந்தால் ஒயர் வேலையே வேண்டாம். அது எவ்வளவு தருகிறது என்று மட்டும் கையேட்டில் பாருங்கள். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் கவலையில்லை. 1 ஆம்பியர்தான் என்றால், வெயிலில் முழு வெளிச்சத்தில் திரையை வைத்து ஓட்டும் போனுக்கு அது பற்றாமல் போகலாம்.

செயற்கைக்கோளோடு தொடர்புகொள்ள அவ்வளவு மின்சாரம் செலவாகுமா என்று கேட்கலாம். கருவி எதையும் மேலே அனுப்புவதில்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னலைக் கேட்கிறது, அவ்வளவுதான். அதற்குச் செலவு குறைவு. சார்ஜைத் தின்பது பெரும்பாலும் திரையின் வெளிச்சம்தான்.

சரி, பேட்டரி 12 வோல்ட். நேரடியாகக் கொடுக்கலாமா? கூடாது. போனுக்கும் யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஆகும் கருவிக்கும் வேண்டியது 5 வோல்ட். அதோடு, 12 என்பது பெயருக்குத்தான். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் சுமார் 14 வோல்ட் இருக்கும். நடுவில் கன்வெர்ட்டர் (12 வோல்ட்டை 5 ஆகக் குறைக்கும் சிறு பெட்டி) கட்டாயம் வேண்டும். பைக்குக்கென்றே விற்கும் ஜிபிஎஸ் கருவிகளில் இது கூட வரும் ஒயரிலோ மாட்டும் தாங்கியிலோ அடங்கியிருக்கும். ஒயரின் நடுவே தடித்த ஒரு கட்டை இருந்தால், பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டி எறிந்துவிடாதீர்கள். அதுதான் உங்கள் கருவியின் உயிர்.

வண்டி இந்தச் சுமையைத் தாங்குமா? தாராளமாக. 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். பழைய வகை ஹெட்லைட் பல்பு ஒன்றே 35 வாட் எடுக்கும். பேட்டரிப் பக்கத்தில் பார்த்தால் கருவி எடுப்பது ஏறக்குறைய 1 ஆம்பியர்தான்.

இனி முக்கியமான கேள்வி: மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

பேட்டரியின் இரண்டு முனையிலும் நேராக முடிந்துவிடுவது எல்லோருக்கும் தோன்றும் வழி. கடைகளிலும் பெரும்பாலும் இதைத்தான் செய்து தருகிறார்கள். ஐந்து நிமிட வேலை. இதில் சிக்கல் ஒன்று உண்டு. போனைக் கழற்றி எடுத்துவிட்டாலும் கன்வெர்ட்டர் சும்மா இருப்பதில்லை. துளியளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும்.

துளிதானே என்று விடலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். கன்வெர்ட்டர் 20 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 100 சிசி வண்டி ஒன்றில் பேட்டரி 3 ஆம்பியர்-மணி (எவ்வளவு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் என்பதன் அளவு) என்றால், 3,000 மில்லி ஆம்பியர்-மணியை 20-ஆல் வகுக்க 150 மணி நேரம். ஆறே கால் நாள். செல்ஃப் ஸ்டார்ட்டுக்குத் தேவையான வலு அதற்கு வெகு முன்பே போய்விடும். தீபாவளிக்கு ரயிலில் ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், வண்டி அசையாது.

தள்ளி ஸ்டார்ட் பண்ணிவிடலாமே என்பீர்கள். கார்புரேட்டர் காலத்தில் அது நடந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் புது வண்டிகளில் பெரும்பாலும் எரிபொருள் தெளிப்பு முறைதான் (பெட்ரோலை மோட்டார் பம்ப் அழுத்தித் தெளிக்கும் ஏற்பாடு). அந்தப் பம்புக்கும் அதை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால் பல வண்டிகளைத் தெருக்கோடி வரை தள்ளினாலும் பயனில்லை. பலவற்றில் கிக்கரும் இல்லை.

ஆகவே, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வரும் ஒயர் ஒன்றைப் பிடிக்க வேண்டும். ஹார்ன், முன் பிரேக் லீவரின் கீழே இருக்கும் பிரேக் லைட் சுவிட்ச், பின்விளக்கு ஆகிய மூன்று இடங்களில் தேடுங்கள். பிரேக் சுவிட்ச்சுக்குப் போகும் இரண்டு ஒயரில் ஒன்று, சாவி ஆன் ஆனதும் 12 வோல்ட்டோடு காத்திருக்கும். லீவரைப் பிடித்தால் மற்றதற்குக் கடத்தும். ஹேண்டில்பாருக்குப் பக்கத்திலேயே கிடைப்பதால் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ஹெட்லைட்டில் எடுக்கக் கூடாதா? அங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர்ச் சிறிய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை. எஞ்சினோடு சுழலும் மேக்னெட்டோவிலிருந்து வரும் ஏசி (திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம்) அதை எரிக்கிறது. கன்வெர்ட்டருக்கு வேண்டியது பேட்டரி தரும் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்). ஏசியைக் கொடுத்தால் கன்வெர்ட்டர் வேலை செய்யாது, எரிந்தும் போகலாம். எஞ்சின் ஓடும்போதுதான் ஹெட்லைட் எரிகிறது என்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். 2017 ஏப்ரலிலிருந்து வரும் புது இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை ஹெட்லைட்டும் எரிந்தே ஆக வேண்டும் என்பது விதி; அதனால் எல்லா வண்டியும் ஒன்றுபோலத்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் ஹெட்லைட்டை விட்டுவிடுங்கள்.

ஒயரின் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமா? அதை நம்பினால் ஆபத்து. ஹோண்டா வழக்கத்தில் கறுப்பு என்பது சாவி போட்டால் உயிர் வரும் ஒயர், பச்சைதான் எர்த் (பேட்டரியின் நெகட்டிவ்வோடு சேரும் ஒயர்). யமஹாவில் அதே கறுப்பு எர்த். சாவி போட்டால் உயிர் வருவது பழுப்பு. நண்பர் தன் வண்டியில் செய்ததைப் பார்த்து அப்படியே செய்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நம்ப வேண்டியது மல்டிமீட்டரை (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கைக்கருவி). சில நூறு ரூபாய்க்குச் சாதாரண மீட்டர் கிடைக்கும். டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு ஊசியை பேட்டரியின் நெகட்டிவ்வில் வையுங்கள். சிவப்பு ஊசியை நீங்கள் சந்தேகப்படும் ஒயரின் கனெக்டருக்குள் பின்பக்கமாக நுழையுங்கள். சாவி ஆஃப்: பூஜ்யம். சாவி ஆன்: 12-ஐ ஒட்டி. இந்த இரண்டும் சரியாக வந்தால் ஒயர் கிடைத்துவிட்டது.

ஃபியூஸ் (மின்னோட்டம் மிஞ்சினால் உருகி, இணைப்பை அறுத்துவிடும் சிறு கம்பி) எதற்கு? கருவியைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒயரைக் காப்பாற்றுகிறது. ஒயர் எங்கேனும் உரசித் தோல் கிழிந்து சேஸிஸில் பட்டால், பேட்டரி தன் முழு பலத்தையும் அதில் கொட்டும். ஒயர் நொடியில் பழுத்து எரியும். அது எரியும் இடம் பெட்ரோல் டேங்குக்கு அடியில். ஆகவே மின்சாரம் எடுக்கும் புள்ளிக்கு ஒட்டியே 3 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும். கருவிக்குப் பக்கத்தில் வைத்தால், அதற்கு முன்னால் உள்ள ஒயர் முழுவதும் காப்பில்லாமல் கிடக்கும்.

ஃபாக் லைட், கூடுதல் ஹார்ன் என்று இன்னும் சேர்க்கப் போகிறீர்களா? அப்போது ஒரே மெல்லிய ஒயரில் எல்லாவற்றையும் தொங்கவிடாமல் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடுங்கள். கருவி ஒன்றுக்கு மட்டும் என்றால் அது தேவையில்லாத செலவு.

வேலையைத் தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். முடிக்கும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். வண்டியின் இரும்பு முழுவதும் நெகட்டிவ்தான். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போதே பாசிட்டிவ்வைக் கழற்றப்போய் ஸ்பானர் சேஸிஸில் பட்டால், பட்டாசு வெடித்ததுபோல் பொறி பறக்கும்.

ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் போதாதா? மேசை விளக்குக்குப் போதலாம். பைக்கில் அதிர்வும் எஞ்சின் சூடும் சேர்ந்து டேப்பின் பசையை இளக்கிவிடும். ஒயரை வெட்டாமலே நடுவில் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பும் கிடைக்கிறது. செம்பு இழைகளைக் கடித்து அறுப்பதாலும், தண்ணீர் புகுந்து பச்சை பிடிப்பதாலும் எனக்கு அதில் நம்பிக்கையில்லை. முடிந்தால், இருக்கும் கனெக்டருக்கு நடுவில் செருகும் கிளைக் கனெக்டர் வாங்குங்கள். கம்பெனி ஒயரை வெட்டாமல் இருப்பது வாரண்டிக்கும் நல்லது. வெட்டியதைப் பார்த்தால் சர்வீஸ் சென்டர் மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். இல்லையென்றால் ஈயத்தால் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். ஒயர் பல இழைகள் கொண்டதாக இருக்கட்டும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி அதிர்வில் ஒடிந்துவிடும்.

ஒயரைக் கட்டுவதற்கு முன் ஹேண்டில்பாரை இடதும் வலதும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கமும் ஒயர் விறைக்கக் கூடாது, ஆக்சிலேட்டர் கேபிளில் சிக்கவும் கூடாது. யுஎஸ்பி துளையின் வாய் கீழ்நோக்கி இருந்தால் மழையில் தண்ணீர் தேங்காது.

ஓட்டிக்கொண்டே வரைபடம் பார்ப்பது சட்டப்படி சரியா? 2020 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், வண்டி ஓட்டும்போது போனை வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்கிறது. போன் தாங்கியில் இருக்கட்டும். முகவரியைத் தட்டுவதை வண்டி நிற்கும்போது செய்துகொள்ளுங்கள்.

விலை உயர்ந்த போனை மாட்டப் போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. மோட்டார்சைக்கிள் எஞ்சினின் கடும் அதிர்வு ஐபோன் கேமராக்களின் உள்ளமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. கேமராவின் நடுக்கத்தைச் சமன்செய்யும் நுண்ணிய பாகங்கள்தான் பாதிக்கப்படுகின்றன. அதிர்வைத் தணிக்கும் தாங்கிகள் கிடைக்கின்றன. அதைவிட மலிவான வழி, அலமாரியில் கிடக்கும் பழைய போன். சிம் இல்லாமலே அது செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும். வீட்டு வைஃபையில் போகும் வழியின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்தால் போதும்.